தினுசுக்கு ஒரு கோழி

கோழி வளர்க்கலாம் என்று முதலில் சொன்னது அத்தைதான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நைனா உத்திரமேரூர் பிளாக் ஆபீசில் மஸ்தூராக இருந்தார். விதை மூட்டை இறக்குவது, ஜீப்பைக் கழுவுவது, கடுதாசி கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. காலையில் கஞ்சி குடித்துவிட்டு மூன்று மைல் நடந்து போவார். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்புவார்.

பள்ளிக்கூடம் எனக்கு மதியத்தோடு முடிந்துவிடும். எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு யாரும் இருக்க மாட்டார்கள். நடவோ களையெடுப்போ அறுப்போ, எல்லாரும் கூலிக்குப் போயிருப்பார்கள். என்னோடு படித்த பெண்களுக்குத் தூக்கி வைத்துக்கொள்ளத் தம்பியோ தங்கையோ இருந்தார்கள். நான் செங்கல்லுக்கு அடியிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, "வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சொல்லாமல் நுழைந்தால் வீடு இன்னும் பெரிதாகத் தெரியும். அது ஒரே அறைதான்.

ஒருநாள் அத்தை அதைக் கேட்டுவிட்டாள். அத்தை நைனாவுக்கு அக்கா. எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருந்தாள். அன்று சாயங்காலம் நைனா வந்ததும், "உம் பொண்ணு தனியா பேசிக்கினு கீது, தெரியுமா ஒனக்கு?" என்று கேட்டாள். நைனா கால் கழுவினார். இரண்டு பேரும் வாசலில் நின்று வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பிறகு நைனா உள்ளே வந்து, "கண்ணு, நாம கோயி வளக்கலாமா?" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை கோழி, எப்போது, எங்கேயிருந்து என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டிலேயே இரண்டு கோழி விலைக்கு இருந்தது. அதை வாங்கலாம் என்றேன். நைனா ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒரே மாதிரி வாங்கக் கூடாது. தினுசுக்கு ஒண்ணா வாங்கணும். அப்பதான் நம்ம கோயி எது, அடுத்த வூட்டுக் கோயி எதுன்னு தெரியும். ஞாயித்துக்கெயம ஞாயித்துக்கெயம வெளியூரு போயி பாத்து வாங்கலாம்" என்றார்.

எவ்வளவு யோசனை என் நைனாவுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் கோழிக்கு வாலாஜாபாத் போனோம். பஸ்ஸில் போனோம். நைனா வெளுத்த சட்டை போட்டிருந்தார். எனக்கு அத்தை எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னி, கனகாம்பரம் வைத்துவிட்டாள். கோழி வாங்கப் போவதற்குப் பூ எதற்கு என்று கேட்டதற்கு, "ஊருக்குப் போறப்ப சொம்மாவா போவாங்க?" என்றாள்.

அரிசி மில்லுக்குப் பின்னால் இருந்த ஒரு வீட்டுக்குப் போனோம். உமி வாசனை தெரு முழுக்க இருந்தது. நாங்கள் வருவது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. பாய் விரித்தார்கள். காபி கொடுத்தார்கள். கோழியைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த வீட்டு ஆள் நைனாவிடம் பிளாக் ஆபீஸ் வேலை நிரந்தரமா, எப்போது பர்மனென்ட் ஆகும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, சோறு வடிக்கத் தெரியுமா, படுக்கையில் மூத்திரம் போவேனா என்று கேட்டாள். எனக்கு அவமானமாகப் போயிற்று. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். அந்த ஆளுடைய தங்கையாம்.

"நீ அத்த வூட்லயே தங்கிக்குவ இல்ல?" என்று அந்த ஆளின் மனைவி கேட்டாள்.

"இல்ல, எங்க வூட்லதான் இருப்பேன்" என்றேன்.

அவள் தன் புருஷனைப் பார்த்தாள். பிறகு சீக்கிரமே கோழிப் பேச்சு வந்தது. கழுத்தில் ஒரு இறகுகூட இல்லாமல், சிவந்த தோலோடு இருந்த ஒரு கோழியைப் பிடித்துக் கொடுத்தார்கள். எங்கள் பக்கம் அதைக் கழுத்தறுத்தான் கோழி என்பார்கள். பார்க்க நன்றாக இருக்காது. ஆனால் என் மடியில் வைத்துக்கொண்டதும் அது கண்ணை மூடிக்கொண்டது. பஸ்ஸில் வரும்போது அதன் சூடு என் பாவாடைக்குள் இறங்கிக்கொண்டே வந்தது. யாரோ என்மேல் சாய்ந்துகொண்டு வெகுநாளாகியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை ஓடிவந்தாள். "எப்படி கீது?"

"கோயி நல்லாத்தான் கீது" என்றார் நைனா.

"நான் கோயியக் கேக்கல."

"அது சரிப்படாதுக்கா. விடு."

கோழியைத்தான் நல்லது என்று சொல்லிவிட்டாரே, வேறு எது சரிப்படாது என்று எனக்கு விளங்கவில்லை. புதுக்கோழி வீட்டைப் பழகுகிற வரைக்கும் காலில் கயிறு கட்டி வைக்க வேண்டும் என்று நைனா கட்டிக்கொண்டிருந்தார். நான் நொய் எடுக்க உள்ளே போய்விட்டேன்.

இரண்டாவது கோழி திருப்புட்குழிப் பக்கத்தில் கிடைத்தது. அது சுருட்டைக் கோழி. இறகெல்லாம் படியாமல் பின்னோக்கிச் சுருண்டு, காற்றில் அடிபட்டு வந்ததைப் போல் இருக்கும். அந்த வீட்டில் ஒரு கிழவர்தான் பேசினார். பெருமாள் கோயிலுக்கு அந்த வருஷம் எத்தனை வண்டி வந்தது, ஏரியில் தண்ணீர் எப்படி என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே யாரோ அழுகிற சத்தம் கேட்டது. நான் மெல்ல நகர்ந்து போய்ப் பார்த்தேன். பதினேழு வயது இருக்கும், ஒரு அக்கா அடுப்பங்கரையில் புதுப்புடவையோடு உட்கார்ந்து முட்டியில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள். கோழியை விற்கிறார்களே என்று அழுகிறாள் என்று நினைத்தேன். வந்து நைனாவின் காதில் சொன்னேன்.

"நைனா, அந்த அக்கா அயுதுகினு கீறாங்க. நம்மகிட்ட கோயியக் குடுக்க அவங்களுக்கு இஷ்டம் இல்ல."

நைனா என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். கிழவரிடம் கைகூப்பி, "பொண்ணு சின்னதா கீது பெரியவரே. நல்ல எடமா பாருங்க. எனக்குக் கோயி மட்டும் குடுத்தா போதும்" என்றார். கிழவருக்கு முகம் சுருங்கிவிட்டது. வழியில் நான் அந்த அக்காவை நினைத்துச் சுருட்டையைத் தடவிக்கொண்டே வந்தேன். என்னால்தான் அவள் அழுதாள் என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

மூன்றாவதாக வந்தது வெள்ளைச் சேவல். அதற்காக எங்கேயும் போகவில்லை. நாட்டுக் கோழியோடு சீமைச் சேவலைச் சேர்த்தால் முட்டை பெரிதாக வரும் என்று அப்போது கிராமம் கிராமமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஊர்களுக்குக் கொடுக்க நைனாவின் ஆபீசுக்கு வந்த சேவல்களில் கால் கொஞ்சம் கோணலாக இருந்த ஒன்றை யாரும் எடுத்துப்போகவில்லை. அதை நைனாவிடம் கொடுத்துவிட்டார்கள். சுண்ணாம்பு அடித்தது போல் வெளுப்பு. பெரிய கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்து கண்ணை மறைத்துக்கொண்டிருக்கும்.

கோழிகள் வந்தால் துணை வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஆனால் மூன்றும் ஒன்றோடொன்று சேரவில்லை. கழுத்தறுத்தான் எருக்குழியே கதி என்று கிடந்தது. சுருட்டை, வாசற்படியை விட்டு நகராது. சேவல், தனக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் இல்லை என்பது போல வேலியோரம் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். நான் நடுவில் உட்கார்ந்து மூன்றுக்கும் தனித்தனியாக நொய் போடுவேன். மதிய வெயிலில் தெரு வெறிச்சென்று இருக்கும். கூப்பிட்டால் வரும், தின்னும், போய்விடும். அவ்வளவுதான்.

ஐப்பசிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இன்னும் ஒரே ஒரு எடம் பாத்துட்டு வரலாம்" என்று நைனா சொன்னார். அத்தைதான் சொல்லியிருந்தாள். ஏரிக்கு அந்தப் பக்கம், ஐந்து மைல். பஸ் கிடையாது. நைனாவுக்குக் குதிகாலில் ஆணி இருந்தது. கரைமேல் நடக்கும்போது நின்று நின்று காலை மாற்றி வைத்தார்.

அந்த வீட்டில் பாய் விரிக்கவில்லை. விரிக்க ஆள் இல்லை. அண்ணனும் அண்ணியும் வயலுக்குப் போயிருந்தார்கள். ஒருத்தி மட்டும் கோழிகளுக்கு நடுவில் குந்தி, ஒரு கோழியின் காலில் குத்திய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "தோ, ஒரு நிமிசம். புடிச்ச கோயிய விட்டா மறுபடி புடிக்க முடியாது. வேப்ப மரத்தாண்ட நெயல் கீது, குந்துங்க" என்றாள்.

நல்ல உயரம். கறுப்பு. முப்பது வயது இருக்கலாம். அவளைக் கட்டியவன் எங்கோ ரயில்வே வேலைக்குப் போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்டானாம். ஊரில் கூட்டம் போட்டு அவனோடு இருந்த உறவைத் தீர்த்துவிட்டு, அவள் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு நான் பார்த்தது ஒன்பது கோழிகளை. ஒன்பதும் அவளைச் சுற்றியே நின்றன. நான் மனதுக்குள் அவளுக்குக் கோழிக்காரம்மா என்று பேர் வைத்தேன்.

அவள் நைனாவிடம் பேசாமல் நேராக என்னிடம் வந்தாள். "உனக்குத்தான கோயி? நீயே பாத்து எடு" என்றாள். எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கோழியைத் தூக்கி, பின்பக்கத்து எலும்பு இரண்டுக்கும் நடுவில் என் விரலை வைக்கச் சொன்னாள். "ரெண்டு வெரல் போச்சின்னா முட்ட உடுற கோயி. ஒரு வெரல்தான் போவுதுன்னா இன்னும் நாளு கீது." என் விரல்கள் சின்னவை, மூன்று வைத்துப் பார் என்று அவளே திருத்தினாள். பெரியவர்கள் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. என் தலையைத் தடவவில்லை. பாவம் என்று சொல்லவில்லை. சோறு வடிக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை.

மூலையில் ஒரு உடைந்த பானைக்குள் கறுப்புக்கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. கால், அலகு, கொண்டை எல்லாமே கறுப்பு. எனக்கு அதுதான் பிடித்தது.

"அத இப்ப எடுத்தா முட்டயெல்லாம் வீணாப் போவும். குஞ்சு பொறிக்கட்டும், அப்பால எடுத்துக்க. ஒனக்குன்னு வெச்சிருக்கேன்" என்றாள்.

பிறகு நைனாவைப் பார்த்து, வீட்டில் என்னென்ன கோழி இருக்கிறது என்று கேட்டாள். நைனா தயங்கித் தயங்கிச் சொன்னார். சீமைச் சேவல் விடியற்காலையில் கூவுவதே இல்லை, வெயில் ஏறின பிறகுதான் கூவுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்.

"ஆபீஸ் சேவல் இல்ல? பத்து மணிக்குத்தான் கூவும்" என்றாள் கோழிக்காரம்மா.

நைனா சிரித்தார். முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பிறகு அடக்க முடியாமல் தோள் குலுங்கச் சிரித்தார். அவளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அம்மா போன பிறகு நைனா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதற்கு முன்னால் பார்த்தேனா என்பதும் நினைவில் இல்லை. எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டு பேரும் ஒரே கூரைக்குள் நிற்பது போலவும், நான் மட்டும் வெளியே மழையில் நிற்பது போலவும் இருந்தது. நான் எழுந்து போய்த் தெருவில் நின்றுகொண்டேன்.

திரும்பி வரும்போது ஏரிக்கரையில் நைனா கேட்டார். "கண்ணு, அவங்க எப்படி கீறாங்க?"

"யாரு?"

"கோயி வளக்கறாங்களே, அவங்க."

"நமக்கு வேணாம் நைனா."

"இன்னா வேணாம்?"

"அந்த வூட்லேர்ந்து எதுவும் வேணாம். நம்மகிட்ட கீற மூணே போதும்."

நைனா நின்றார். கால் வலிக்கிறது போல என்று நினைத்தேன். ஏரியில் தண்ணீர் பாதிதான் இருந்தது. நாரைகள் சேற்றில் நின்றுகொண்டிருந்தன. அவர் அவற்றைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "சரி. வேணாம்னா வேணாம்" என்றார். நான் பேசியது கோழியைப் பற்றித்தான். முழுக்க முழுக்கக் கோழியைப் பற்றித்தான் என்று இன்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

அத்தை மூன்று நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நாலாம் நாள் வந்து, என் தலையை வாரும்போது வழக்கத்தைவிட அழுத்தி வாரினாள். "ஒனக்கு இன்னாடி தெரியும்?" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு நைனா ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கும் போகவில்லை. வெளுத்த சட்டை கொடியிலேயே தொங்கியது.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு மதியம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது சுருட்டை வாசற்படியில் நனைந்து கிடந்தது. அதன் இறகு உடம்போடு படியாது அல்லவா, தண்ணீர் நேராகத் தோலுக்குப் போய்விடும். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளே தூக்கிப் போய் அடுப்பு மூட்டப் பார்த்தேன். விறகு ஈரம். என் பாவாடையில் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெருவில் கூப்பிட யாரும் இல்லை. மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நைனா வந்தபோது அது விறைத்துப்போயிருந்தது. நான் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். நைனா என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

"ஒண்டியா இருந்தியா?" என்று கேட்டார். தினமும் நான் ஒண்டியாகத்தான் இருந்தேன். அன்றைக்குத்தான் அவர் கேட்டார்.

மழை விட்டு நாலைந்து நாள் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கோழிக்காரம்மா தலையில் ஒரு மூங்கில் கூடையோடு எங்கள் தெருவில் வந்துகொண்டிருந்தாள். கூடை வாயைப் பழைய துணியால் கட்டியிருந்தது. உள்ளே கறுப்புக்கோழியும் ஏழு குஞ்சுகளும். ஐந்து மைல் சேற்றில் நடந்து வந்திருந்தாள். முழங்கால் வரை சேறு.

"ஒனக்குன்னு சொன்னேன் இல்ல?" என்றாள்.

வேண்டாம் என்று நான் சொன்னது அவளுக்குத் தெரியுமோ என்று பயமாக இருந்தது. தெரிந்ததாக அவள் காட்டிக்கொள்ளவில்லை. துணியை அவிழ்த்துக் குஞ்சுகளை ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்தாள். நொய்யை அம்மியில் பொடித்துப் போட வேண்டும், தண்ணீரைத் தட்டையான ஓட்டில் வைக்க வேண்டும், ஆழமாக இருந்தால் விழுந்து செத்துவிடும் என்று சொல்லிக் கொடுத்தாள். எங்கள் கோழிக்கூண்டைச் சுற்றி வந்து பார்த்தாள். "இந்த சந்துல கீரி பூரும்" என்று இரண்டு கல்லைத் தேடி எடுத்து வந்து அடைத்து, சேறு பூசினாள். சுருட்டை செத்ததை நான் சொன்னேன். யாரிடமும் அழாத நான், அதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். அவள் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. சேற்றுக் கையோடு பக்கத்தில் குந்திக்கொண்டு நான் முடிக்கிற வரைக்கும் இருந்தாள்.

"மத்தியானம் இன்னா துன்ன?"

"காலீல வெச்ச கஞ்சி."

"நைனா எத்தினி மணிக்கு வருவாரு?"

"வெளக்கு வெக்கற நேரத்துக்கு."

"அது வரிக்கும்?"

"நான்தான் கீறேன்."

அவள் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டாள். உள்ளே வாங்க என்றேன். "இருக்கட்டும், கால் சேறு" என்று வாசலிலேயே நின்று குடித்தாள். குடித்துக்கொண்டே வீட்டுக்குள் ஒருமுறை பார்த்தாள். அடுப்பு, கொடி, மூலையில் சுருட்டிய ஒரே பாய் எல்லாவற்றையும்.

அவள் போகக் கிளம்பியபோது நானும் ரோடு வரைக்கும் போனேன். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அவள் போவது பிடிக்கவில்லை. உங்களை என்னவென்று கூப்பிடுவது என்று கேட்டேன். அவள் யோசித்து, "இப்ப ஒண்ணும் கூப்புட வேணாம். அப்பால பாத்துக்கலாம்" என்றாள். பிறகு, "கூட இங்கியே இருக்கட்டும். நைனாவ ஞாயித்துக்கெயம எடுத்தாந்து குடுக்கச் சொல்லு. நான் வூட்லதான் கீறேன்னு சொல்லு. மறக்காத" என்றாள்.

மறக்கவில்லை. நைனா வந்ததும் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். அவர் குஞ்சுகளைப் பார்க்காமல் என்னையே பார்த்தார். "இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். சொன்னேன். அன்று இரவு சாப்பிடும்போது, "ஒனக்கு அந்தக் கறுப்புக்கோயி புடிச்சிக்கீதா?" என்று கேட்டார். ரொம்பப் பிடித்திருக்கிறது என்றேன். அவர் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

புதன்கிழமை சட்டையை வண்ணான் வீட்டுக்குக் கொடுத்தார். வியாழக்கிழமை முடி வெட்டிக்கொண்டு வந்தார். அன்று சாயங்காலம் வெந்நீரில் காலை வைத்து, பிளேடால் குதிகால் ஆணியை மெல்லச் சீவிக்கொண்டிருந்தார். இரத்தம் வந்துவிட்டது. துணி சுற்றினார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ஒரு கூடையைக் கொடுப்பதற்காக இந்தக் காலோடு ஐந்து மைல் போய், ஐந்து மைல் வர வேண்டுமா என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது ஒரு தவிட்டு வண்டி ஏரிப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. வண்டிக்காரர் அத்தைக்குத் தெரிந்தவர். எந்த ஊருக்கு என்று கேட்டேன். அந்த ஊர்தான். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. ஓடிப்போய்க் கூடையைக் கழுவினேன். வெறுங்கூடையாக அனுப்பக் கூடாது என்று உள்ளே வைக்கோல் பரப்பி, கழுத்தறுத்தான் இட்டிருந்த மூன்று முட்டைகளை வைத்தேன். அவள் கட்டி வந்த துணியையும் மடித்து வைத்தேன். கோழிக்காரம்மா வீட்டை அடையாளம் சொன்னேன்.

"குடுத்துட்டு இன்னா சொல்லணும்?" என்று வண்டிக்காரர் கேட்டார்.

"நைனா வர வேண்டியதில்லன்னு சொல்லிடுங்க" என்றேன்.

வண்டி திருப்பத்தில் மறைகிற வரைக்கும் நின்று பார்த்தேன்.

சாயங்காலம் நைனா வந்ததும் கூடை இருந்த இடத்தைப் பார்த்தார். "கூட எங்க?"

"அனுப்பிச்சிட்டேன் நைனா. தவிட்டு வண்டில. நீ வர மாட்டன்னு சொல்லச் சொல்லிட்டேன்."

"யாரு சொல்லி அனுப்பிச்ச? அத்தயா?"

"யாரும் சொல்லல. நானாத்தான்."

என்னைப் பாராட்டுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவர் வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு என் தலையில் கையை வைத்து, "சரி கண்ணு. நல்லது" என்றார்.

இதை நான் எவரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு ஏதாவது இருக்கிறது என்றே தெரியாமல் வளர்ந்தேன். எனக்குக் கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்று, நைனாவும் போய்ச் சேர்ந்த பிறகு, காரியத்துக்கு மறுநாள் அத்தைதான் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அந்தக் கோழி விவகாரத்தில் நைனாவுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்ததாம். நான் ஏரிக்கரையில் வேண்டாம் என்றதும் அடங்கிப்போனாராம். அவளே நேரில் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனதும் மறுபடி மனது எழும்பியதாம். அப்புறம் ஒருநாள் வந்து, "பொண்ணுக்கு இஷ்டமில்லக்கா. ரெண்டு வாட்டி சொல்லிட்டுது. இனிமே அந்தப் பேச்சு எடுக்காத" என்றாராம். அந்தப் பக்கமும் சத்தமில்லை. தை மாசத்தில் அவளைச் செங்கல்பட்டுப் பக்கம் யாருக்கோ கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்றாள். தவிட்டு வண்டியைப் பற்றி அத்தைக்கு ஒன்றும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெளுத்து வந்த சட்டையை நைனா பிரிக்கவே இல்லை. பழைய பனியனோடு முற்றத்தில் உட்கார்ந்து, கோழிக்கூண்டுக்குப் புதுக் கதவு ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். நான் அவர் முதுகில் சாய்ந்துகொண்டு, ஏழு குஞ்சில் எது எது பெட்டையாக வளரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் பார்த்துச் சொன்னார். மதியம் நொய்க்கஞ்சி காய்ச்சி இரண்டு பேரும் ஒரே தட்டில் குடித்தோம். ஒரு பகல் முழுக்க நைனா எங்கும் போகாமல் என்னோடேயே இருந்தார். எனக்காகத்தான் இருக்கிறார் என்று நினைத்து, அன்றைக்கெல்லாம் எனக்கு ஒரே பெருமை.